காபிக்குள் மரச்சுருள்

முன்வரிசையில் உட்கார்ந்தால் காபிக் கோப்பையைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஈர மரத்தின் சுருள் ஒன்று பறந்து வந்து அதற்குள் குதிக்கும். மடியில் விழும், தாடியில் சிக்கும், மூக்குக் கண்ணாடியில் ஒட்டும். அப்படியும் மரக்கடைசல் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் முதலில் நிரம்புவது முன்வரிசைதான். கூட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போதே நாற்காலிகளில் குளிர்கோட்டைப் போட்டு இடம் பிடித்துவிடுகிறார்கள். பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். ஆனால் அத்தனை பேர் முகத்திலும் முதல் நாள் முதல் காட்சிக்கு வந்த களை!

இடம்: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், செயின்ட் பால் பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் தச்சுக்கூடம். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே மரத்தூள் வாசம், சாணைச் சக்கரத்தின் கீச்சு, யாரோ வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த குக்கீ. என்னை அழைத்துப் போனவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வாழ்நாள் முழுக்கப் பல்லைக் குடைந்தவர், இப்போது மரத்தைக் குடைகிறார். நண்பர்களிடம் என்னை அவர் அறிமுகம் செய்த விதம் இது: "இவர் அரக்கு நாட்டிலிருந்து வந்திருக்கிறார்." நான் திருதிருவென்று விழிக்க, நாலைந்து பேர் மரியாதையோடு கைகுலுக்கினார்கள். அந்த மரியாதைக்குக் காரணம் கீழே வருகிறது.

கூட்டம் தொடங்கும்முன் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். உண்மையான நாடகம் அங்கேதான். பிக்கப் வண்டிகளின் பின்பக்கம் திறந்து கிடக்கிறது. உள்ளே கட்டை, கட்டை, கட்டை. புயலில் சாய்ந்த மேப்பிள், யார் வீட்டுக் கொல்லையிலோ வெட்டிய செர்ரி, கறுப்பு வால்நட். எல்லாவற்றையும்விட அதிகமாக ஆஷ் மரம். பேஸ்பால் மட்டை செய்வார்களே, அந்த மரம். இவ்வளவு ஆஷ் எங்கிருந்து வருகிறது என்றால், அதற்குப் பின்னால் ஒரு வில்லன் இருக்கிறான். அரை அங்குல நீளத்தில், மரகதப் பச்சையில் மின்னும் ஒரு வண்டு. கிழக்காசியாவிலிருந்து வந்தது. 2002இல் டெட்ராய்ட் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள்; 2009இல் செயின்ட் பால் நகருக்கே வந்துவிட்டது. பார்க்க நகைபோல இருக்கும். அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று, மரத்துக்கு நீர் ஏறும் வழியை அடைத்துவிடும். சில ஆண்டுகளில் மரம் காலி. தெருத் தெருவாக நிழல் தந்த மரங்களை நகராட்சி வெட்டித் தள்ளியது. வீட்டுக்காரர்கள் கண் கலங்கினார்கள். கடைசல்காரர்களும் கலங்கினார்கள்தான், ஆனால் ரம்பத்தை எடுத்துக்கொண்டு கலங்கினார்கள். செத்த மரம் அடுப்புக்குப் போகாமல் கிண்ணமாகட்டுமே என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்.

கட்டை கிடைத்த அன்றே ஒரு வேலை ஆக வேண்டும். வெட்டுமுகம் இரண்டிலும் மெழுகுக் குழம்பைத் தடவிவிட வேண்டும். ஈரம் அந்த முனைகள் வழியாகத்தான் முதலில் ஓடும். ஓடினால் மரம் வெடிக்கும். அப்புறம் நட்ட நடுவில் இருக்கும் நெஞ்சுப் பகுதியைத் தவிர்த்து இரண்டாகப் பிளப்பார்கள், வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும் என்பதால். பிளந்த பாதியைக் கடைசல் எந்திரத்தில் ஏற்றி, கிண்ணம் மாதிரி ஒன்றை அவசரமாகக் கடைவார்கள். தடிமனான, அசிங்கமான கிண்ணம். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் இருக்க வேண்டும் என்பது பழகிய கணக்கு. பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஒரு அங்குலச் சுவர். அதை மளிகைக்கடைக் காகிதப் பையில் போட்டு, தேதி எழுதி, நிலவறைத் தட்டில் வைத்துவிட்டு மறந்துபோக வேண்டும். ஆறு மாதம், சில மரங்களுக்கு ஒரு வருடம். காயக் காய வட்டம் முட்டை வடிவமாகக் கோணிக்கொள்ளும். முழுக்கக் காய்ந்த பிறகு மறுபடி எந்திரத்தில் ஏற்றி வட்டமாக்கி, மெலிதாக்கி, தேய்த்து, எண்ணெய் பூசினால் கடையில் பார்க்கிற அந்த அழகுக் கிண்ணம்.

சங்கத்து ஆள் யாருடைய நிலவறைக்குப் போனாலும் இந்த அசிங்கக் கிண்ணங்கள்தான் தரை முதல் கூரை வரை. துணி துவைக்கும் எந்திரத்தைச் சுற்றியும் அவைதான். இன்னும் எத்தனை பாக்கி என்று மனைவிமார் கேட்பதில்லை. கேட்டால் பதில் வரும், அதுதான் பயம்.

ஏழு மணி. தலைவர் கோப்பையைக் கரண்டியால் தட்டுகிறார். செயலாளர் அறிக்கை, பொருளாளர் அறிக்கை, இரண்டும் தூக்கம். விட்டுவிடுவோம்.

செய்முறை விளக்கம் தொடங்கியதும் கூடம் நிமிர்ந்து உட்காருகிறது. எந்திரத்துக்கு மேலே ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு கேமரா, சுவரில் பெரிய டிவி. கடைபவருக்கு முகத்தை முழுக்க மறைக்கும் கண்ணாடிக் கவசம். அரைக்கைச் சட்டை. மோதிரம் கழற்றியாகிவிட்டது. கையில் உறை இல்லை. ஆபத்தான வேலைக்குக் கையுறைதானே முதலில் போடுவோம்? இங்கே கையுறைதான் ஆபத்து. சுழலும் மரத்தில் ஒரு நூல் சிக்கினாலும் விரலோடு சேர்த்து இழுத்துவிடும். நீளக் கை, தொங்கும் சங்கிலி, விரித்த கூந்தல் எதற்கும் அனுமதி இல்லை. வேகத்துக்கும் ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: கிண்ணத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்றோ அதோடு பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் நடுவில் வர வேண்டும். பத்து அங்குலக் கட்டைக்கு 600 முதல் 900 சுற்று. கோணல் கட்டையென்றால் இன்னும் குறைவு. எந்திரத்தைப் போடும்போது கட்டைக்கு நேராக நிற்கவும் கூடாது, பக்கவாட்டில்தான்.

உளி தொட்டது. அடடா! ஈர மரம் சீவுகிற சத்தம் ஒரு நீண்ட 'ஸ்ஸ்ஸ்'. உளியின் சாய்ந்த முகம் முதலில் மரத்தில் உரசி உட்கார வேண்டும். பிறகு பிடியை மெல்ல உயர்த்தினால் கூர்முனை தானாக வெட்டத் தொடங்கும். கடைசலின் பாதி வித்தை இந்த ஒரு அசைவில் இருக்கிறது. மாற்றிச் செய்தால், அதாவது முகம் உட்காராமல் முனை மட்டும் தொட்டால், உளியை மரம் கவ்வி இழுத்து 'டமார்' என்று ஒரு அடி கொடுக்கும். அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கேட்ச்'. யார் கையில் நடந்தாலும் கூடம் மொத்தமும் பல்லைக் கடித்துக்கொண்டு 'ஊஊ' என்கிறது. எல்லாரும் வாங்கிய அடிதானே.

உளி சரியாக வெட்டாமல் மேடும் பள்ளமுமாக விட்டுவிட்டால், முரட்டு உப்புத்தாள் எடுத்துத் தேய்தேயென்று தேய்த்துச் சமாளிப்பவர்கள் உண்டு. உப்புத்தாளில் 80ஆம் நம்பர் மகா முரடு. அதை இவர்கள் '80ஆம் நம்பர் உளி' என்று கிண்டல் செய்கிறார்கள். தாளை எடுத்தாலே பின்வரிசையிலிருந்து குரல் வரும்: "ஓ, புது உளியா?"

அன்றைய விளக்கத்தின் உச்சம் எதிர்பாராமல் வந்தது. கடைபவர் கிண்ணத்தின் சுவரை இரண்டு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஒரு குட்டி விளக்கைப் பின்னால் பிடித்தார். "லைட்டை அணையுங்கள்" என்றார். இருட்டில் கிண்ணம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது! ஈர மரத்துக்குள் வெளிச்சம் அப்படிப் பரவுகிறது. அழகுக்காக மட்டும் இல்லை இது, அளவுகோலும் இதுதான். எங்கே அதிகம் ஒளிர்கிறதோ அங்கே சுவர் மெலிது, எங்கே மங்கலோ அங்கே இன்னும் சீவலாம். மனிதர் இருட்டிலேயே, ஒளியைப் பார்த்துப் பார்த்துச் சீவினார். ஐம்பது பேர் மூச்சு விடாமல் இருந்தோம்.

இடைவேளையில் அரக்கு விவகாரம். மூலையில் ஒருவர் பேனா கடைந்துகொண்டிருந்தார். முடித்ததும் ஒரு துணியில் பளபளப்பு எண்ணெய் தொட்டு, சுழலும் பேனாவில் அழுத்தினார். உராயும் சூட்டில் அது பளிங்காகப் படிந்தது. என்ன எண்ணெய் என்று கேட்டேன். "உங்கள் ஊர்ப் பூச்சி" என்று சிரித்தார் பல் மருத்துவர். ஷெல்லாக். அரக்குப் பூச்சி பலாச மரத்திலும் இலந்தையிலும் கசிந்து வைக்கும் பிசின். உலகத்திலேயே அரக்கை அதிகம் விளைவிப்பது இந்தியா, அதிலும் ஜார்க்கண்ட். கைகுலுக்கலின் ரகசியம் இதுதான். ஜார்க்கண்டின் புகழை நான் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அம்பாசமுத்திரத்து மரச் செப்புகளிலும், கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைகளிலும் மினுங்குவது இந்த அரக்குதான். அங்கே துணியும் திரவமும் இல்லை; வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் நேரே அழுத்துவார்கள். சூட்டில் உருகி ஒட்டும். சென்னபட்டணத்தில் அதன் மேல் தாழை மடலை வைத்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். இதைச் சொன்னதும் பேனாக்காரர் எந்திரத்தை நிறுத்திவிட்டார். என்ன இலை, எப்படி இருக்கும், வழுவழுப்பா சொரசொரப்பா, காய்ந்ததா பச்சையா என்று கேள்வி மேல் கேள்வி. அடுத்த கூட்டத்துக்கு யாராவது தாழை மடல் தேடிக் கொண்டுவந்தாலும் வியப்பில்லை.

அதுதான் எனக்கு இந்தக் கூட்டத்தில் பிடித்த விஷயம். யாரிடமும் ரகசியம் இல்லை. கேட்டால் சொல்கிறார்கள், கேட்காவிட்டாலும் சொல்கிறார்கள். கடைசல் எப்போதும் இப்படி இருந்த தொழில் இல்லை. லண்டன் கடைசல்காரர் சங்கத்துக்கு 1604இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் சாசனம் கொடுத்தார். அந்தக் காலத் தொழிற்சங்க முறையில் ஏழாண்டு ஒரு முதலாளியிடம் அடிமட்டத்தில் கிடந்தால்தான் வித்தை கைக்கு வரும். பணமும் பதவியும் இருந்தவர்களுக்கு மட்டும் குறுக்குவழி: ரஷ்யாவின் மகா பீட்டர் அரண்மனைக்குள்ளேயே கடைசல் பட்டறை வைத்திருந்தார், கற்றுத்தர ஆள் வைத்துக்கொண்டு. பிறகு ஆலைகள் வந்தன, பிளாஸ்டிக் வந்தது, பள்ளிக்கூடங்களில் தச்சு வகுப்பும் தேய்ந்தது. அமெரிக்காவில் கடைசல், கொட்டகையில் தனியாகக் குடைந்துகொண்டிருந்த ஆட்களின் பொழுதுபோக்காகச் சுருங்கிப்போனது.

அவர்களை ஒரு கூரைக்குக் கீழே சேர்த்தது 1976இல் பென்சில்வேனியாவின் ஜார்ஜ் ஸ்கூலில் நடந்த ஒரு கருத்தரங்கு. 1985இல் டென்னசியில் ஆரோமான்ட் கைவினைப் பள்ளியில் இன்னொரு பெருங்கூட்டம். அந்தச் சூட்டோடு 1986இல் அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கம் பிறந்தது. முதல் தலைவர் டேவிட் எல்ஸ்வொர்த். உள்ளே கண்ணால் பார்க்க முடியாத சின்ன வாய் வைத்த மரக்கலயங்களை, வளைந்த உளியை விட்டுக் குடைபவர். சுவர் மெலிய மெலிய மாறும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வேலை செய்யும் முறை அது. உளியைத் தீட்ட அவர் கண்டுபிடித்த கோணத்தை ஒளித்து வைத்திருக்கலாம். ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தார். இன்று அந்தத் தீட்டலுக்கே அவர் பெயர்தான். இப்போது தாய்ச்சங்கத்தின் கீழ் 350க்கு மேற்பட்ட ஊர்ச் சங்கங்கள். பெண்களுக்கென்று தனிக் குழுவும் உண்டு. தலைமையகம் செயின்ட் பாலின் லேண்ட்மார்க் சென்டரில். 1902இல் நீதிமன்றமும் தபால் நிலையமுமாகக் கட்டிய கோட்டை அது. 1930களில் பெயர்போன கொள்ளைக் கூட்டத்தாரை நிறுத்தி விசாரித்த இடம். இப்போது அதே கட்டடத்தில் சாலட் கிண்ணங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

இடைவேளை முடிந்ததும் 'கொண்டுவா, காட்டு' படலம். அந்த மாதம் செய்ததை ஒரு நீள மேசையில் வைக்க வேண்டும். பூஞ்சை ஓடிக் கறுப்புக் கோடு போட்ட மேப்பிள், கவட்டையில் அறுத்ததால் இறகு விரிந்த வால்நட், மரக்கழலையில் கடைந்த, ஓரமெல்லாம் கிழிந்த கலயம். (வால்நட் சுருளைத் தக்காளிச் செடிக்குப் போடாதீர்கள், குதிரை லாயத்தில் பரப்பாதீர்கள்: செடி வாடும், குதிரைக்குக் குளம்பு வீங்கும். இதைப் புதியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்கிறார்கள்.) தோல்விக்கும் மேசையில் இடம் உண்டு. ஒருவர் அடியை மெலிதாக்கப் போய் ஓட்டை போட்டிருந்தார். வெட்கமே இல்லாமல் தூக்கிக் காட்டி, "இந்த மாதம் புனல் செய்தேன்" என்றார். அன்றைய கைதட்டலில் பெரியது அவருக்குத்தான்.

மேசையின் ஒரு ஓரத்தில் மட்டும் மூடிபோட்ட டப்பாக்கள், ஏறக்குறைய ஆறு அங்குல அகலத்தில், வரிசையாக. அவை விற்பனைக்கு இல்லை. 2004இல் அரிசோனாவில் தொடங்கிய 'பீட்ஸ் ஆஃப் கரேஜ்' என்ற அமைப்புக்காகச் செய்தவை. புற்றுநோய் போன்ற கடும் நோயில் கிடக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு மணி கொடுப்பார்கள். ஊசிக்கு ஒன்று, கீமோவுக்கு ஒன்று, ஆஸ்பத்திரியில் கழித்த இரவுக்கு ஒன்று. குழந்தை அதைக் கோத்துக்கொண்டே போகும். மாலை நீள நீள வைக்க ஒரு பெட்டி வேண்டும் இல்லையா? நாடு முழுக்கக் கடைசல் சங்கங்கள் அந்தப் பெட்டியைச் செய்து இலவசமாக அனுப்புகின்றன.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டப்பா கடைபவர்களுக்குப் பெருமையே மூடிதான். மூடி அவ்வளவு கச்சிதமாக உட்கார வேண்டும், திறக்கும்போது காற்று உறிஞ்சி 'பொக்' என்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தத்துக்காகப் பல வருடம் பழகுவார்கள். மேசையில் வைத்த டப்பாவை யாரும் கேட்காமலே திறந்து மூடி, காதருகே வைத்துப் பார்ப்பார்கள். இந்தப் பெட்டிகளில் அந்தச் சத்தம் வரக் கூடாது. மருந்தில் துவண்ட சின்னக் கை இழுத்தாலும் மூடி வர வேண்டும். அதனால் கச்சிதமாகக் கடைந்து முடித்துவிட்டு, மறுபடி எந்திரத்தில் ஏற்றி, மூடியின் விளிம்பை ஒரு இழை இழைத்துத் தளர்த்துகிறார்கள். வரிசையாக நான்கைந்து மூடிகளைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றிலும் சத்தம் இல்லை. அந்த அறையில் நான் பார்த்த ஆகச் சிறந்த வேலை அதுதான் என்பேன்.

பிறகு கட்டைக் குலுக்கல். சீட்டு ஒரு டாலர். வண்டியிலிருந்து இறக்கிய கட்டைகள்தான் பரிசு. எல்லார் வீட்டிலும் கட்டை நிரம்பி வழிகிறது. யாருக்கும் கட்டை தேவையில்லை. எல்லாரும் பத்துச் சீட்டு வாங்குகிறார்கள்.

சங்கத்தின் இன்னொரு வேலையைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால், குடும்பத்துக்கு அந்த எந்திரத்தையும் நூறு உளியையும் என்ன செய்வதென்றே தெரியாது. சங்கத்து ஆட்கள் போய்ப் பட்டியல் போட்டு, நியாய விலை வைத்து, விற்றுக் கொடுக்கிறார்கள். தட்டில் தேதி எழுதிக் காய வைத்த அந்த அசிங்கக் கிண்ணங்கள் இருக்குமே, அவற்றை ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போய்க் கடைந்து முடித்து, பிள்ளைகளிடமும் பேரன் பேத்திகளிடமும் சேர்க்கும் வழக்கமும் உண்டு. அடியில் இரண்டு பெயர்: தொடங்கியவர், முடித்தவர்.

வெயில் காலம் வந்தால் சங்கம் ஊர்க் கண்காட்சிகளுக்குக் கிளம்பும். சின்ன எந்திரம் ஒன்று, ஒரு பெட்டி குச்சிகள், வண்ணப் பேனாக்கள். குழந்தை கேட்ட நிறத்தைச் சுழலும் மரத்தில் தொட்டால் வளையம் வளையமாகக் கோடு விழும். மூன்று நான்கு நிமிடத்தில் பம்பரம் தயார். நம் பம்பரம் போலச் சாட்டையும் ஆணியும் கிடையாது, விரலால் முறுக்கி விடுவது. அது ஒரு குறைதான். ஆனால் இலவசம். வரிசையில் பெரியவர்களும் பிள்ளைகளைச் சாக்கு வைத்து நிற்கிறார்கள்.

அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சங்கம் அநேகமாக இருக்கும். வேடிக்கை பார்க்க வருகிறவரைப் பெரும்பாலும் காசு கேட்காமல் உட்கார வைப்பார்கள். நீங்கள் ஆர்வம் காட்டினால் உளியைக் கையில் கொடுத்து, பின்னால் நின்று பிடித்துக்கொள்வார்கள். துப்பட்டா வேண்டாம், முழுக்கைச் சட்டை வேண்டாம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அடுத்த முறை பாபநாசம் போகும்போது அம்பாசமுத்திரத்தில் வண்டியை நிறுத்துங்கள். செப்பு வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்கிவிட்டு, கடைவதை ஒரு ஐந்து நிமிடம் பார்க்கலாமா என்று கடைசல்காரரைக் கேளுங்கள்.